முதல் வேலையில் முதல் ஆறு மாதம்: கன்ஃபர்ம் கடிதம் கைக்கு வரும்வரை எதை, எப்போது செய்வது

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராய், லூனாஸ், கூலிம் பக்கத் தோட்டங்களிலிருந்து எஸ்பிஎம்மோ (ஐந்தாம் படிவத் தேர்வு) டிப்ளோமாவோ முடித்துவிட்டு முதல் வேலைக்குப் போகிறவர்களுக்காக எழுதியது இது. கன்ஃபர்ம் கடிதம் என்பது, தகுதிகாண் காலம் முடிந்து வேலை நிரந்தரமானது என்று நிறுவனம் தரும் கடிதம். கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்சாலை, செம்பனை ஆலை, தோட்ட ஆபீஸ், பட்டணத்துக் கடை என எங்கே சேர்ந்தாலும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். சட்டம் பற்றிச் சொல்லும் இடங்களில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தையும் 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த திருத்தங்களையும் வைத்தே எழுதியிருக்கிறோம்.

புதியவர்கள் திறமை போதாமல் தடுமாறுவது குறைவு. இயந்திரம் இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தாமதமாகும் என்று சொல்வதில்லை, புரியவில்லை என்று சொல்வதில்லை, கை தவறியதைச் சொல்வதில்லை. பெரியவர்கள் முன்னால் வாய் திறக்காமல் இருப்பதுதான் மரியாதை என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இது இன்னும் சிரமம். அதே மௌனத்தைச் சூப்பர்வைசர் அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்வார். கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு சிக்கலைச் சுற்றியே இருக்கும்.

1. கையெழுத்துப் போடுவதற்கு முன்

முதலில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் இருக்க வேண்டியவை: ஐசி (அடையாள அட்டை) நகல் நான்கு, எஸ்பிஎம் சான்றிதழ் மூலமும் இரண்டு நகலும், மற்ற சான்றிதழ்கள், வங்கிக் கணக்கு எண் தெரியும் தாள், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) எண், வருமான வரி எண், மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் நகல், அவசரத்துக்கு அழைக்க இரண்டு பேரின் தொலைபேசி எண். எல்லாவற்றையும் கைப்பேசியில் ஸ்கேன் செய்து, கோப்புப் பெயரிலேயே உங்கள் பெயரையும் ஆவணத்தின் பெயரையும் சேர்த்துப் பதிந்து வையுங்கள். எச்ஆர் (மனிதவளப் பிரிவு) கேட்ட அன்றே கொடுத்தால்தான் உங்கள் பெயர் அந்த மாதச் சம்பளப் பட்டியலில் ஏறும். வங்கி எண்ணைத் தாமதமாகக் கொடுத்துவிட்டு முதல் மாதச் சம்பளம் வரவில்லை என்று அலைகிறவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள்.

அடுத்து ஒப்பந்தக் கடிதம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். "அப்புறம் தர்றோம்" என்றால், எந்தத் தேதியில் என்று பணிவாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடிதம் கையில் வந்ததும் ஆறு இடங்களைத் தேடிப் படியுங்கள்: வேலையின் பெயர், அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், வேலை நேரம், வார ஓய்வு நாள், தகுதிகாண் காலமும் அதில் விலகுவதற்கான முன்னறிவிப்பும்.

அடிப்படைச் சம்பளமும் அலவன்ஸும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2025 முதல் குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட். அது அடிப்படைச் சம்பளத்துக்கான கணக்கு. வருகை அலவன்ஸையும் ஷிப்டு அலவன்ஸையும் கூட்டி 1,700 காட்டக் கூடாது. வருகை அலவன்ஸ் எப்போது வெட்டுப்படும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் ஒரு நாள் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) எடுத்தாலும் அந்த மாத அலவன்ஸ் முழுதும் போய்விடும். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பார்த்துச் சண்டை போடுவதைவிட முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

வாரத்துக்கு 45 மணி நேரம் என்பது சாதாரண வேலை நேரத்தின் உச்சவரம்பு. அதற்கு மேல் போனால் ஓவர்டைம். 12 மணி நேர ஷிப்டு என்றால், அதில் எத்தனை மணி சாதாரண நேரம், எத்தனை மணி ஓவர்டைம் என்று எழுதச் சொல்லி வாங்குங்கள்.

2. வழியை ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது

வேலை தொடங்குவதற்கு முந்தைய வாரம், வேலை நாள் ஒன்றில், அதே நேரத்தில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஓய்வு நாள் காலையில் இருபது நிமிடத்தில் போன சாலையில், ஷிப்டு மாறும் நேரத்தில் ஒரே நேரத்தில் பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் நிறைந்திருக்கும். அந்த நேரத்தை அளந்து, அதோடு 15 நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 15 நிமிடம் சும்மா அல்ல. சுத்த அறை (தூசி புகாத உற்பத்தி அறை) உள்ள தொழிற்சாலையில் லாக்கரில் பையை வைத்து, தொப்பி, முகக்கவசம், மேலங்கி, காலணி மாட்டி உள்ளே போகவே பத்து நிமிடம் பிடிக்கும். பஞ்ச் கார்டை உடை மாற்றும் முன் தட்டுவதா, பின் தட்டுவதா என்று முதல் நாளே கேளுங்கள். வாசலில் 6.55-க்கு நின்றவர் லைனில் (உற்பத்தி வரிசையில்) 7.08-க்கு நின்றால், அவர் தாமதமாக வந்தவர்தான்.

தொழிற்சாலை பஸ் என்றால் ஏறும் இடத்தையும் ஓட்டுநரின் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டத்து உள்சாலையில் இருக்கும் வீடுகளுக்குப் பஸ் வராது; மெயின் ரோடுவரை யார் கொண்டுவந்து விடுவார்கள், அவருக்கு உடம்பு சரியில்லாவிட்டால் யார் என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். மோட்டார் சைக்கிள் என்றால் பெட்ரோலை முதல் நாள் மாலையே ஊற்றுங்கள். மழைக்கோட்டு இருக்கைக்கு அடியிலேயே கிடக்கட்டும்.

வழியைப் பற்றி இன்னொன்று. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் நடுவே வழக்கமான பாதையில் நேரும் விபத்துக்குச் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாதுகாப்பு உண்டு. சொந்த வேலையாக வேறு பக்கம் திரும்பிப் போய் விழுந்தால் அது வேலைப் பயண விபத்தில் சேராது. வேலை முடிந்து நண்பன் வீட்டுக்குச் சுற்றிக்கொண்டு போகும் பழக்கம் உள்ளவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. முதல் வாரம்: சட்டைப்பை நோட்டும் "சரி" என்ற சொல்லும்

கைக்கு அடக்கமான நோட்டு ஒன்றும் பேனாவும் சட்டைப்பையில் இருக்கட்டும். கைப்பேசியில் குறிப்பு எடுக்கலாமே என்று தோன்றும். பல தொழிற்சாலைகளில் கேமரா உள்ள கைப்பேசியை உற்பத்திப் பகுதிக்குள் விடமாட்டார்கள். விடும் இடத்திலும், தலை குனிந்து திரையைத் தட்டுகிறவர் குறிப்புதான் எடுக்கிறார் என்று தூரத்தில் நிற்கும் மேனேஜருக்குத் தெரியாது.

நோட்டின் இடப்பக்கம் வேலையின் படிகளை எழுதுங்கள். வலப்பக்கத்தைக் கேள்விகளுக்கு விட்டுவிடுங்கள். பொருளின் பெயரை அங்குள்ளவர்கள் சொல்லும் ஒலியிலேயே எழுதுங்கள். மலாயில் சொன்னால் மலாயில். நீங்களாக மொழிபெயர்த்து எழுதிவிட்டு, அடுத்த வாரம் அதைக் கேட்டால் யாருக்கும் புரியாது. எண்கள்தான் முக்கியம்: எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், ஒரு தட்டில் எத்தனை, எந்த அளவைத் தாண்டினால் நிறுத்த வேண்டும்.

இனி "சரி". சொல்லிக்கொடுப்பவர் வேகமாகச் சொல்லி முடித்து "புரிஞ்சுதா?" என்பார். புரியாவிட்டாலும் "சரிங்கண்ணே" என்று வந்துவிடும். அரை மணி நேரத்தில் அதே கேள்வியோடு போய் நின்றால், முதலில் பொய் சொன்னது போல் ஆகிவிடும். ஆகவே "சரி" என்பதற்குப் பதிலாகக் கேட்டதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள்: "முதல்ல தட்டை வைக்கணும், பச்சை விளக்கு வந்ததும் மூடணும், எண்பதைத் தாண்டினா நிறுத்திட்டு உங்களைக் கூப்பிடணும். சரியாக்கா?" இருபது வினாடி ஆகும். தவறாகப் புரிந்திருந்தால் அந்த இடத்திலேயே திருத்திவிடுவார். கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு ஓடாமல், அவசரமில்லாதவற்றைச் சேர்த்து ஓய்வு நேரத்துக்குச் சற்று முன் ஒரே முறையில் கேளுங்கள். ஆபத்து சம்பந்தப்பட்ட கேள்வி மட்டும் காத்திருக்கக் கூடாது.

எப்படிக் கூப்பிடுவது என்று பலருக்குக் குழப்பம். மலாய் மூத்தவர்களைக் கக் (அக்கா), அபாங் (அண்ணன்) என்றும், அதிகாரிகளை என்சிக் (ஐயா), புவான் (அம்மா) என்றும் அழைத்தால் தவறில்லை. லைன் லீடர் உங்கள் சொந்த மாமாவாகவே இருந்தாலும், பலர் நடுவில் அங்கே எல்லாரும் கூப்பிடுவது போலவே கூப்பிடுங்கள். உறவு தெரிந்துவிட்டால் உங்களுக்கு எளிதான வேலை கிடைப்பதாகப் பேச்சு கிளம்பும், பாதிப்பு அவருக்குத்தான். பக்கத்தில் மலாய்க்காரரோ நேப்பாளித் தொழிலாளியோ நிற்கும்போது வேலைப் பேச்சைத் தமிழில் நீட்ட வேண்டாம். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைப்பது மனித இயல்பு.

4. முன்கூட்டிச் சொல்வது

இந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும். சூப்பர்வைசரின் நாள், யார் எங்கே நிற்பார்கள் என்ற ஒரு பட்டியலில் ஓடுகிறது. நீங்கள் வராதது அவருக்கு அவ்வளவு பெரிய பிரச்சினையில்லை. வரமாட்டீர்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் பிரச்சினை. அரை மணி நேரம் முன்பு தெரிந்தால் ஆள் மாற்றிவிடுவார்.

தாமதம். தாமதமாகும் என்று உங்களுக்குத் தெரிந்த நிமிடத்தில் சொல்லுங்கள், வந்து சேர்ந்த பிறகு அல்ல. ஷிப்டு வேலையில் முந்தைய ஷிப்டுக்காரர் நீங்கள் வரும்வரை இடத்தை விட்டு நகர முடியாது. அவருடைய பஸ் போய்விடும். அதனால் குறுஞ்செய்தி மட்டும் போதாது, அழைத்துப் பேசுங்கள். எடுக்காவிட்டால் இப்படி எழுதுங்கள்: "என்சிக், டயர் பஞ்சர். 7.25-க்குள் வந்துவிடுவேன். நேற்றைய லாட் தாள் என் தட்டில், இடப்பக்கம் இருக்கிறது." காரணம் ஒரு வரி, வரும் நேரம் ஒரு வரி, உங்களால் தடைபடும் பொருள் எங்கே என்று ஒரு வரி. காரணத்தை நீட்டி எழுதினால் நம்பிக்கை குறையும்.

உடம்பு சரியில்லாதது. ஷிப்டு தொடங்கும் முன் அழைத்துச் சொல்லிவிட்டு, நிறுவனத்தின் பேனல் கிளினிக்குக்கு (நிறுவனம் ஏற்பாடு செய்திருக்கும் கிளினிக்) போங்கள். எந்தெந்தக் கிளினிக் பேனலில் இருக்கிறது என்பதை முதல் வாரத்திலேயே நோட்டில் எழுதி வையுங்கள்; காய்ச்சலோடு தேடிக்கொண்டிருக்க முடியாது. கிளினிக்கில் தருவது எம்சியா, டைம் சிலிப்பா என்று வெளியே வரும் முன் படித்துப் பாருங்கள். டைம் சிலிப் என்பது நீங்கள் எத்தனை மணி முதல் எத்தனை மணிவரை அங்கே இருந்தீர்கள் என்பதற்கு மட்டுமே சான்று. அதை வாங்கிக்கொண்டு வீட்டில் படுத்துவிட்டால் மீதி நேரம் வராத கணக்குதான். புதியவர்கள் இதில் அடிக்கடி மாட்டுகிறார்கள்.

எம்சியைப் படம் எடுத்து அன்றே அனுப்புங்கள். மூலத்தாளைத் திரும்பி வரும் நாளில் கையில் கொடுத்துவிடுங்கள். மருத்துவ விடுப்புத் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்கவில்லை என்றால், எம்சி இருந்தாலும் அனுமதியின்றி வராததாகக் கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தால் 60 நாள்வரை. தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கும் இது பொருந்தும். "நீ இன்னும் கன்ஃபர்ம் ஆகலை, எம்சி கிடையாது" என்று யாராவது சொன்னால் அது சட்டமல்ல.

அனுமதியும் இல்லாமல், தெரிவிக்கவும் இல்லாமல், தக்க காரணமும் இல்லாமல் தொடர்ச்சியாக இரண்டு வேலை நாளுக்கு மேல் வராவிட்டால் ஒப்பந்தத்தை நீங்களே முறித்ததாக ஆகிவிடும். கைப்பேசி கெட்டுவிட்டது என்பது இதற்குத் தப்பிக்கும் வழியாகாது. சூப்பர்வைசர் எண்ணையும் ஆபீஸ் எண்ணையும் தாளில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

சாவு வீடு. இதில்தான் நம்மவர்களுக்கு மனஸ்தாபம் அதிகம். துக்க விடுப்பு என்று வேலைச் சட்டத்தில் தனியாக எதுவும் இல்லை, நிறுவனம் தருவதுதான். பெரும்பாலும் பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் என்று அந்தப் பட்டியல் நின்றுவிடும். பெரியப்பாவும் அத்தையும் நமக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் அதில் வருவதில்லை. அப்படியானால் ஆண்டு விடுப்பிலிருந்து எடுக்க வேண்டும். செய்தி வந்த அன்றே அடக்கத்துக்கு ஒரு நாள் கேளுங்கள். கருமக்கிரியை எந்தத் தேதி என்பது அன்றே தெரிந்திருக்கும். அதற்கும் சேர்த்தே விண்ணப்பித்துவிடுங்கள். பதினாறாம் நாளுக்கு முதல் நாள் இரவு கேட்டால், ஏன் முன்பே சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பதிலிருக்காது.

தவறு. கை தவறினால் வரிசை இது: நிறுத்துங்கள், கெட்டதைத் தனியாக எடுத்து வையுங்கள், சொல்லுங்கள். திருத்திவிட்டுச் சொல்லலாம் என்று முயல வேண்டாம். தொழிற்சாலையில் கெட்ட துண்டு ஒன்று நல்லவற்றோடு கலந்துவிட்டால் முழு லாட்டையும் (ஒரே தொகுப்பாகத் தயாரானவை எல்லாவற்றையும்) நிறுத்திச் சோதிக்க வேண்டும். தனியாக இருந்தால் வேலை அத்தோடு முடிந்தது. சொல்லும்போது "தெரியாம ஆயிருச்சு" என்று தொடங்காமல், எந்த இயந்திரம், எத்தனை மணி, எத்தனை துண்டு என்று தொடங்குங்கள். அவருக்கு அப்போது தேவைப்படுவது அந்த எண்கள்தான்.

தோட்ட ஆபீசிலும் ஆலை எடைமேடையிலும் தவறு தாளில் விழும். செக்ரோலிலோ (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு) எடைச் சீட்டிலோ எண் மாறிவிட்டால் வெள்ளை மை பூசாதீர்கள், அதன் மேலேயே அழுத்தி எழுதாதீர்கள். பழைய எண் படிக்கத் தெரியும்படி ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு, கிராணியிடம் (ஆபீஸ் எழுத்தர்) காட்டுங்கள். அந்தத் தாளை வைத்துத்தான் ஒருவருடைய கூலியும் ஒரு லாரியின் பழத்துக்கான பணமும் கணக்காகிறது. அழித்து எழுதிய எண்ணைத் தணிக்கைக்கு வருகிறவர் திருட்டுக் கண்ணோடுதான் பார்ப்பார்.

5. வாட்ஸ்அப்

வேலைக் குழுவில் குரல் பதிவு அனுப்ப வேண்டாம். இயந்திரச் சத்தத்தில் யாரும் கேட்க முடியாது; பிறகு தேடி எடுக்கவும் முடியாது. எழுதி அனுப்புங்கள். காலை வணக்கப் பூக்களையும் பகிர்வுச் செய்திகளையும் குடும்பக் குழுவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உத்தரவு வந்தால் கட்டை விரல் படம் போதாது. "பார்த்துவிட்டேன், 3 மணிக்குள் முடித்துவிடுகிறேன்" என்று நேரத்தோடு பதில் எழுதுங்கள். முடியாது என்றால் அப்போதே சொல்லுங்கள்.

கெடாவில் இருப்பவர்கள் நாள்களைக் கவனிக்க வேண்டும். இங்கே அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி, சனி விடுமுறை. மாநில எல்லை தாண்டினால் பினாங்கில் சனி, ஞாயிறு. உங்கள் தொழிற்சாலை எதைப் பின்பற்றுகிறது, தலைமையகம் எதைப் பின்பற்றுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வியாழன் மாலை "நாளை அனுப்புகிறேன்" என்று கூலிம் அரசு அலுவலகத்துக்கு எழுதினால், அவர்கள் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை.

சீருடையோடு லைனில் நின்று டிக் டாக் எடுக்காதீர்கள். பின்னால் தெரிவது வாடிக்கையாளரின் பொருளாக இருக்கும். சேர்ந்த நாளில் நீங்கள் கையெழுத்திட்ட இரகசியக் காப்புத் தாள் அதற்காகத்தான்.

6. வேலை நேரத்தின் கடைசி ஐந்து நிமிடம்

அடுத்த ஷிப்டுக்காரருக்கு மூன்று விஷயம் சொல்லிவிட்டுப் போங்கள்: எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது, எது கோளாறு காட்டுகிறது. மூன்றாவதை விட்டுவிடுவதுதான் வழக்கம், ஏனென்றால் தன் தலையில் விழும் என்ற பயம். ஆனால் சொல்லாமல் போன கோளாறு இரவில் பெரிதானால், கடைசியாகத் தொட்டவர் பெயர்தான் கேட்கப்படும்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் நோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு ஒரு வரி எழுதுங்கள்: என்ன வேலை, எத்தனை மணி ஓவர்டைம், புதிதாகக் கற்றது என்ன. சம்பளக் கணக்குக்கும் கன்ஃபர்ம் பேச்சுக்கும் இந்த ஒரு வரிதான் ஆதாரமாக நிற்கப்போகிறது.

7. சம்பளச் சீட்டைச் சரிபார்ப்பது

சம்பளக் காலம் முடிந்த 7-ஆம் நாளுக்குள் சம்பளம் வந்திருக்க வேண்டும். வந்ததும் வங்கித் தொகையை மட்டும் பார்த்துவிட்டு விடாமல் சீட்டை விரித்துக் கணக்குப் போடுங்கள்.

அடிப்படை 1,700 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் 65.38. அதை 8-ஆல் வகுத்தால் ஒரு மணி 8.17. சாதாரண நாள் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 12.26. உங்கள் நோட்டில் 20 மணி என்றிருந்தால் சீட்டில் 245 ரிங்கிட் அளவில் தெரிய வேண்டும். ஓய்வு நாளுக்கும் பொது விடுமுறைக்கும் விகிதம் வேறு, கூடுதல்.

கணக்கு இடித்தால் உடனே கொதிக்க வேண்டாம். பல இடங்களில் ஓவர்டைம் கணக்கு மாத நடுவில் அடைக்கப்படும். கடைசி இரண்டு வார நேரம் அடுத்த சீட்டில்தான் வரும். ஓவர்டைம் பணத்தை அடுத்த சம்பளக் காலத்தின் கடைசி நாளுக்குள் கொடுக்கலாம் என்று சட்டமும் சொல்கிறது. அடைப்புத் தேதியைக் கேட்டு, அந்தத் தேதிக்கு ஏற்ப நோட்டில் கோடு போட்டு எண்ணுங்கள். பாதித் தகராறு இதிலேயே தீர்ந்துவிடும்.

இபிஎஃப் பிடித்தம் 11 விழுக்காடு. 1,700-க்கு 187 ரிங்கிட். முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 ரிங்கிட். ஓவர்டைம் பணத்துக்கு இபிஎஃப் பிடிக்க வேண்டியதில்லை. அதனால் அந்தத் தொகை கூடவில்லை என்று குழம்பாதீர்கள். பிடித்ததாகச் சீட்டில் காட்டியது உண்மையில் கட்டப்பட்டதா என்பதைத் தெரிந்துகொள்ள இபிஎஃப்பின் ஐ-அக்காவுன் செயலியைத் திறங்கள். ஒரு மாதத்துக்கான பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் முதலாளி கட்ட வேண்டும். 20-ஆம் தேதி பார்த்தால் தெரிந்துவிடும். இதை மாதாமாதம் பார்க்க வேண்டும். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்துவிட்டு, கடையே மூடிய பிறகு அலைவதில் அர்த்தமில்லை.

குறை இருந்தால் முதலில் எச்ஆரிடம், தனியாக, சீட்டையும் நோட்டையும் கையில் வைத்துக்கொண்டு போங்கள். "மாதம் 20 மணி இருக்கு, சீட்டில 14 தான் வந்திருக்கு, எங்க விட்டுப்போச்சுன்னு பார்க்க முடியுமா?" என்பது போதும். குழுவில் போட்டால் எதிர்த்தரப்பு தற்காத்துக்கொள்ளத்தான் பார்க்கும். இரண்டு முறை எழுத்தில் கேட்டும் பதில் இல்லையென்றால் ஜேடிகே எனப்படும் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். அங்கே உங்கள் நோட்டு பேசும்.

பணப் பேச்சில் இன்னொன்று: சேர்ந்த சில மாதத்தில் சக ஊழியர்களிடம் கடன் கேட்பதையும், வேலையிடத்தில் கூட்டு (சீட்டு) பிடிப்பதையும் தவிர்த்துவிடுங்கள். ஐம்பது ரிங்கிட் திரும்பாத கதை, நீங்கள் வேலையில் எவ்வளவு கெட்டி என்பதைவிட வேகமாகப் பரவும்.

8. விடுப்பு

முதல் இரண்டு ஆண்டுக்கு ஆண்டு விடுப்பு குறைந்தது 8 நாள். பொது விடுமுறை 11 நாள். இந்த 11-இல் ஐந்து கட்டாயம்: தேசிய தினம், மலேசிய தினம், தொழிலாளர் தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள். மீதி ஆறை நிறுவனம் தேர்ந்தெடுத்து, ஆண்டு தொடங்கும் முன் பட்டியலை ஒட்ட வேண்டும். தைப்பூசம் அதில் இருக்கும் என்று நம்பிக்கொண்டு காவடிக்கு நேர்ந்துகொள்ளாதீர்கள். பட்டியலைப் பார்த்துவிட்டு, இல்லையென்றால் டிசம்பரிலேயே விண்ணப்பியுங்கள்.

தீபாவளி பட்டியலில் இருந்தாலும் ஷிப்டு வேலையில் எல்லாரையும் ஒரே நாளில் விட முடியாது. நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நீங்களாக முன்வந்து ஷிப்டு ஏற்றுக்கொள்ளுங்கள். தீபாவளி வாரத்தில் அந்த மலாய், சீன நண்பர்கள் உங்கள் இடத்தில் நிற்பார்கள். யார் யாருக்கு மாறுகிறீர்கள் என்பதை இருவரும் எழுதிச் சூப்பர்வைசரிடம் கொடுக்க வேண்டும். வாய்ப்பேச்சு மாற்றத்தில் யாராவது வராமல் போனால், பட்டியலில் பெயர் உள்ளவர்தான் வராதவர்.

9. ஐந்தாம் மாதம்: கன்ஃபர்ம் பேச்சு

தகுதிகாண் காலம் மூன்று மாதமோ ஆறு மாதமோ, அது முடிவதற்கு நான்கு வாரம் முன்பு நீங்களே பேச்சைத் தொடங்குங்கள். "இன்னும் நாலு வாரத்தில என் புரோபேஷன் முடியுது. எதையாவது திருத்திக்கணும்னா இப்பவே சொல்லுங்க" என்று கேட்டால், குறை இருந்தாலும் சரிசெய்ய நாள் இருக்கும். கடைசி நாளில் கேட்டால் நீட்டிப்புக் கடிதம்தான் கிடைக்கும்.

பேசப் போகும் முன் நோட்டிலிருந்து அரைப்பக்கம் எழுதுங்கள். எத்தனை நாள் தாமதம், எத்தனை எம்சி, தனியாகச் செய்யத் தெரிந்த வேலைகள் எவை, முதல் மாதம் எவ்வளவு கழிவு போனது, இப்போது எவ்வளவு. "நல்லா உழைக்கிறேன்" என்பதை யாரும் மேலிடத்துக்கு எழுதி அனுப்ப முடியாது. எண்ணை அனுப்ப முடியும். சம்பள உயர்வை இந்தப் பேச்சோடு கலக்க வேண்டாம். கன்ஃபர்ம் கடிதம் கைக்கு வந்த பிறகு, தனிப் பேச்சாக வைத்துக்கொள்ளுங்கள்.

உயர்வு கிடைக்காவிட்டாலும் பயிற்சி கேளுங்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்கள் உள்ள பெரும்பாலான நிறுவனங்கள் எச்ஆர்டி கோர்ப்புக்கு (மனிதவள மேம்பாட்டுக் கழகம்) சம்பளத்தில் ஒரு விழுக்காட்டைப் பயிற்சி வரியாகக் கட்டுகின்றன. ஆகவே ஃபோர்க்லிப்ட், முதலுதவி, எக்செல் போன்ற பயிற்சிக்குக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். போதிய அனுபவம் சேர்ந்ததும் எஸ்கேஎம் (மலேசியத் திறன் சான்றிதழ்) பெறப் பார்க்கலாம். வகுப்புக்குப் போகாமலேயே, செய்த வேலைக்கான சான்றுகளைத் திரட்டிக் காட்டி எஸ்கேஎம் பெற பிபிடி (முன் அனுபவத்துக்கான அங்கீகாரம்) என்ற வழி இருக்கிறது. தேதி போட்டு எழுதிய நோட்டு அங்கேயும் உதவும். எஸ்பிஎம்மில் புள்ளி குறைந்தவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது பெரிய இழப்பு என்பது எங்கள் கருத்து.

10. விலகுவதென்றால்

சம்பளம் வங்கியில் விழுந்த மறுநாளிலிருந்து வராமல் நின்றுவிடுவது இந்த வட்டாரத்தில் சர்வ சாதாரணம். முன்னறிவிப்பு இல்லாமல் நின்றால், அந்த முன்னறிவிப்புக் காலத்துக்கான சம்பளத்தை முதலாளிக்கு நீங்கள் கொடுக்க வேண்டிவரும். கூலிமில் எச்ஆர்காரர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள் என்பது இன்னொரு காரணம்.

கடிதம் நான்கு வரி போதும்: பெயர், பதவி, விலகும் முடிவு, கடைசி வேலை நாள். காரணம் எழுத வேண்டிய கட்டாயமில்லை. குறைகளைக் கொட்ட அது இடமுமில்லை. ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் எழுதப்படவில்லை என்றால், இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு நான்கு வாரம். நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். புதிய வேலையின் ஒப்பந்தக் கடிதம் கையில் வந்த பிறகே பழைய இடத்தில் இதைக் கொடுங்கள். வாய்வாக்கை நம்பி விட்டவர்கள் இரண்டும் இல்லாமல் நிற்பதுண்டு.

கடைசி நாளில் அடையாள அட்டை, லாக்கர் சாவி, சீருடை எல்லாவற்றையும் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்குத் தாள் வாங்குங்கள். முறையாக முன்னறிவிப்புக் கொடுத்து விலகினால் மீதிச் சம்பளத்தை அந்தக் கடைசி நாளிலேயே தர வேண்டும். வருமான வரிக்கான ஈஏ படிவம் (ஆண்டுச் சம்பள விவரத்தை முதலாளி எழுதித் தரும் தாள்) அடுத்த ஆண்டு பிப்ரவரி முடிவுக்குள் வர வேண்டும். முகவரியும் மின்னஞ்சலும் மாறியிருந்தால் எச்ஆரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள்.